தும்பைக்கு ஒரு முழ நிலம்

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற சாலையோரம் நர்சரி வைத்திருக்கிறேன். முன்வரிசையில் எப்போதும் நிற்பவை காகிதப்பூ, நித்தியகல்யாணி, செண்டுமல்லி, மேசைரோஜா. வாங்க வருகிறவர்கள் கண் முதலில் அவற்றின் மேல்தான் விழும். காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. செண்டுமல்லிக்குத் தாய்வீடு மெக்சிகோ. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து நம் வீட்டுச் செடிகளாகிவிட்டன. அவற்றை விற்றுத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அவற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பின்பக்கம் வேலியை ஒட்டி, வெயில் நேராக விழும் மூலையில் ஒரு பாத்தி உண்டு. அதில் தும்பை மட்டும் வளர்க்கிறேன். செடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் பாத்தியில் குனிந்து நின்று கற்றது.

தும்பையைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சிவபூசை செய்கிறவர்கள். பிரதோஷத்துக்கும் சிவராத்திரிக்கும் வில்வத்தோடு தும்பைப் பூவும் சாத்துவதை வழிவழியாக வைத்திருப்பவர்கள். பிள்ளையார் சதுர்த்தி நெருங்கும்போதும் எருக்கம்பூ மாலையோடு தும்பையும் கேட்பார்கள். முன்பு இதைக் காசு கொடுத்து வாங்கும் தேவையே யாருக்கும் வந்ததில்லை. வாய்க்கால் கரை, களத்துமேடு, தரிசு, வீட்டுக் கொல்லை என்று மழை விழுந்த இடமெல்லாம் முளைத்துக் கிடந்த செடி. இன்று வாசற்படி வரை பேவர் பிளாக் பதித்துவிட்டோம். வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிறோம். மிச்சமிருந்த சாலையோரத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொண்டது. 1950களில் புனே பக்கம் முதலில் கண்டறியப்பட்ட அந்த அமெரிக்கச் செடி, இப்போது எங்கள் கண்மாய்க்கரை வரை அடைத்து நிற்கிறது.

“ஏப்பா, தும்பைச் செடி ஒண்ணு பையில போட்டுக் குடுப்பியா? எம்புட்டுன்னாலும் தாறேன். பூ தேடிப் போனா ரோட்டோரத்துல ஒரு செடியக் காணோம்” என்று ஒரு பெரியவர் கேட்டதிலிருந்து எனக்கும் தும்பைக்கும் தொழில் முறையில் உறவு தொடங்கியது.

பையில் போட்டு விற்பது ஒன்றும் கடினமில்லை. பூத்து நிற்கும் செடியை மண்ணோடு பெயர்த்து வைத்தால் இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். ஆனால் வாங்கிப் போகிறவர் வீட்டில் அது எத்தனை நாள் நிற்கும்? தும்பை ஒரு பருவச் செடி. மழையில் முளைத்து, பனியில் பூத்து, வெயில் ஏறும்போது காய்ந்துவிடும். பூவோடு வாங்கினால் பாதி ஆயுளுக்கு மேல் முடிந்துபோன செடியைத்தான் வாங்குகிறோம். அது காய்ந்ததும், தன் கைராசி சரியில்லை என்று அவர் மனம் வருந்துவார். நர்சரியில் செடி வாங்குகிறவர்கள் ரோஜாவையும் செம்பருத்தியையும் போல இதுவும் பல வருடம் இருக்கும் என்றே எதிர்பார்க்கிறார்கள். ஆகவே தும்பையை எப்படிக் கொடுப்பது என்பதே எனக்கு முதல் கேள்வியாக இருந்தது.

வழி சொன்னவர், பக்கத்துக் கிராமத்திலிருந்து கோயில் வாசலுக்குப் பூக்கொண்டு வருகிற ஆத்தா ஒருவர். அவர் வீட்டுக் கொல்லையில் மட்டும் வருடந்தோறும் தும்பை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். “என்னத்தப்பா போடுறேன்? செடி காஞ்சாப் பிடுங்க மாட்டேன். அதுபாட்டுக்கு நிக்கட்டும்னு விட்டுருவேன். வித உதுந்து போச்சுன்னா வர்ற மழைக்குத் தானா வரும்” என்றார். ஒரு பருவக் காட்டுப்பூவை வீட்டில் வளர்ப்பதன் முழு ரகசியமும் அந்தப் பதிலில் இருக்கிறது. மற்றச் செடிகளுக்கு நாம் செடியைக் காப்பாற்றுகிறோம். தும்பைக்குக் காப்பாற்ற வேண்டியது அதன் விதை உதிர்ந்த மண்ணை. அந்த மண் கலையாமல், மூடப்படாமல் இருந்தால் செடி வருடாவருடம் தன் கணக்கில் வந்துவிடும்.

விதையிலிருந்து சொல்கிறேன். தும்பை துளசிக் குடும்பத்துச் செடி. தண்டைத் தடவிப் பார்த்தால் நாலு பட்டையாக இருப்பது விரலுக்குத் தெரியும். பூ உதிர்ந்த பிறகு புல்லிக் குழாய் உதிராமல் அப்படியே நிற்கும். துளசியில் பார்ப்பதுபோல ஒவ்வொரு குழாயின் அடியிலும் அதிகமாகப் போனால் நான்கு விதைகள் இருக்கும். முற்றிய விதை பழுப்பாக, வழவழப்பாக, எள்ளை விடச் சின்னதாக இருக்கும். கொத்து பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை முற்றியிருக்காது. நன்றாகக் காய்ந்து சருகாகட்டும் என்று விட்டுவிட்டால் காற்றடித்து, ஆள் நடந்து, ஆடு உரசிப் பாதி உதிர்ந்துவிடும். கீழ்க் கணுக்கள் பழுப்பாகி மேல்நுனியில் இன்னும் ஒன்றிரண்டு பூ இருக்கிற தருணம்தான் சரி. அப்போது அதிகாலையில், பனி ஈரம் காயுமுன் போக வேண்டும். ஈரத்தில் குழாய் நெகிழ்ந்திருப்பதால் கை பட்டதும் விதை சிதறாது. தண்டோடு அறுத்து, தலைகீழாக ஒரு வெள்ளைத் துணிப்பைக்குள் போட்டு, நிழலில் தொங்கவிடுவேன். ஈரம் காய்ந்ததும் பையை மெல்லத் தட்டினால் மணல் சரிவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். சருகைக் கையால் நொறுக்கிச் சுளகில் போட்டுப் புடைத்தால் உமி பறந்து விதை நிற்கும். காகிதப் பொட்டலத்தில் கட்டி, நிழலில் உலர்த்திய வேப்பிலையோடு மண்கலயத்தில் வைத்தால் அடுத்த மழைவரை கெடாது. பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தோடு போட்டு மூடினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

எல்லாச் செடியிலும் விதை எடுக்கக் கூடாது என்பது எங்கள் பண்ணையில் வைத்திருக்கும் கட்டுப்பாடு. பாத்தியில் பாதிக்கு மேல் நின்ற இடத்திலேயே உதிர வேண்டும். வழியோரத்தில் எங்காவது தும்பை நிற்பதைப் பார்த்து விதை எடுப்பதாக இருந்தாலும் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்வேன். அந்த இடத்துக்கும் அடுத்த வருடம் உண்டல்லவா?

விதைப்புக்கு நாள் பார்ப்பது வானத்தைப் பார்த்துத்தான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. புரட்டாசி கடைசியில் இடிமழை ஒன்று விழுந்து மண் குளிர்ந்ததும் தூவிவிடுவேன். இதே தும்பை கேரளத்தில் ஆவணி மாதத்திலேயே பூத்துவிடுகிறது. ஓணத்துக்கு அங்கே பூக்களம் போடும்போது தும்பைப் பூ முக்கியம். அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே இறங்கிவிடுகிறது. அந்த மழையில் முளைத்தது ஓணத்துக்குப் பூக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கார்த்திகையிலும் மார்கழியிலும் தையிலும்தான் பூ. ஒரே செடிதான், மழை வருகிற மாதத்துக்கு ஏற்பத் தன் நாட்காட்டியை வைத்துக்கொள்கிறது. ஆகவே எந்த மாதம் விதைப்பது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், உங்கள் ஊரில் மழை எப்போது நிலைக்கிறதோ அப்போது என்பதே என் பதில்.

மண்ணைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஆச்சரியப்படுகிற பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: இருப்பதில் சாரமில்லாத மண்ணைக் கொடுங்கள். செம்மண்ணும் மணலும் கலந்து, தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்கிவிடுகிற மண் போதும். எங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்கு ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு மட்டும், மழையில் தண்ணீர் கட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாத்தியை மேடாக்கி மணல் கலக்கச் சொல்வேன். தொழு உரம், மண்புழு உரம், கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் எதுவும் வேண்டாம். உரம் போட்டால் தும்பை இலையாகக் கொழிக்கும். தண்டு நீண்டு, பலமில்லாமல் சாயும். இளந்தண்டு தேடி அசுவினி வந்து அப்பும். பூ தள்ளிப்போகும், குறையும். பட்டினி நிலத்தில் நிற்கும் செடியோ முழங்காலுக்குக் கீழே நின்று, கிளை விட்டு, கணுவுக்குக் கணு பூக்கும். காட்டுப்பூ தான் பிறந்த நிலத்துக்கு ஏற்பத் தன் உடம்பை அமைத்துக்கொண்டது. நாம் நினைக்கிற வளம் அதற்கு வளமில்லை.

மூடாக்கு விஷயமும் இப்படித்தான். இயற்கை வழியில் தோட்டம் போடுகிறவர்கள் மண்ணை வெறுமையாக விடவே கூடாது, சருகு போட்டு மூட வேண்டும் என்பார்கள். கத்தரிக்கும் வாழைக்கும் அது மிக நல்ல பழக்கம். தும்பைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம். இவ்வளவு சின்ன விதைக்குள் இருக்கும் சாப்பாடு கொஞ்சம்தான். கனத்த சருகைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் பலம் அந்த முளைக்குக் கிடையாது. ஆழமாகப் புதைத்தாலும் அப்படித்தான். மேல்மண்ணைக் களைக்கொத்தால் லேசாகக் கீறி, விதையோடு நாலு பங்கு மணல் கலந்து தூவி, உள்ளங்கையால் அமுக்கிவிட்டால் போதும். மணல் கலந்தால் விதை ஒரே இடத்தில் குவியாது. விதையை எறும்பு தூக்கிப் போகும் இடமாக இருந்தால் பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைக் கோடாகப் போடுவோம்.

மழை கூடினால் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். எல்லா விதையும் ஒரே மழையில் எழுந்துவிடாது. சில அடுத்த மழைக்கு, சில அடுத்த வருடத்துக்கு என்று மண்ணுக்குள் இருக்கும். நடுவில் மழை பொய்த்து முளைத்ததெல்லாம் கருகினாலும் குலம் அறுந்துபோகாமல் இருக்க அந்தச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. முதல் வருடம் பாத்தியில் இடைவெளி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

முளைத்த முதல் இரண்டு வாரம்தான் கண்ணுக்கு வேலை. அதே மழையில் குப்பைமேனியும் நாயுருவியும் பார்த்தீனியமும் நாய்த்துளசியும் சேர்ந்து முளைக்கும். எது தும்பை என்று தெரியாமல் களை பறிக்கிறவர்கள் தும்பையைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். தும்பையின் இலை குறுகி நீண்டிருக்கும். ஓரத்தில் மழுங்கிய பற்கள் தெரியும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த ஜோடி வடக்கு தெற்கு. தண்டிலும் இலையிலும் சுருக்கென்று கைக்குத் தட்டுப்படும் ரோமம் இருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் துளசியின் இனிமை இல்லாத ஒரு கார மணம் வரும். அந்த மணத்தை ஒருமுறை மூக்கு பிடித்துக்கொண்டால் பிறகு மறக்காது. சந்தேகமாக இருந்தால் பிடுங்காமல் இன்னும் ஒரு வாரம் விட்டுவிட வேண்டும்.

ஒரு சாணுக்கு ஒரு செடி என்று கலைத்துவிட்டு, கைவிரல் நீளம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். கிள்ளாவிட்டாலும் தவறில்லை. நாற்றாகப் பெயர்த்து நடுவதாக இருந்தால் நாலிலைப் பருவத்தில், மாலை வேளையில், வேரில் மண்ணோடு எடுக்க வேண்டும். வளர்ந்தபின் பெயர்த்தால் முதலில் சொன்ன கதைதான். மழை விட்டு மேல்மண் வெளுத்தால் மட்டும் தண்ணீர் தெளிக்கலாம். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதையே தும்பைக்கு ஊற்றச் சொல்வேன்.

முளைத்துச் சுமார் இரண்டு மாதத்தில் பூ வந்துவிடும். இந்தப் பூவை எட்ட நின்று பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். முழங்காலிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். தண்டைச் சுற்றிக் கணுவில் உருண்டு திரண்டிருக்கும் பச்சைக் கொத்து புல்லிக் குழாய்களால் ஆனது. ஒவ்வொரு குழாயின் வாயைச் சுற்றியும் கூரிய சின்னப் பற்கள். அந்த வாயிலிருந்து பூ வெளியே நீளும். பூவுக்கு இரண்டு உதடு. மேலுதடு குட்டையாகக் கவிந்து, முதுகில் வெள்ளை ரோமம் அடர்ந்திருக்கும். கீழுதடு அகன்று தொங்கும். அதன் நடுமடலின் வெண்மைதான் தூரத்திலிருந்து நம் கண்ணில் படுவது. மேலுதட்டுக்கு அடியில் நான்கு மகரந்தத் தாள்கள் மழை படாமல் ஒதுங்கியிருக்கும். அவற்றின் நுனியில் ஆரஞ்சு நிறம். தேன் குழாயின் அடியில். தேனீ கீழுதட்டில் இறங்கித் தலையை உள்ளே நுழைக்கும்போது அதன் தலையிலும் முதுகிலும் மகரந்தம் படிகிறது. அடுத்த பூவுக்குள் நுழையும்போது அதே இடம் சூல்முடியில் உரசுகிறது. விரல் நகத்தைவிடச் சிறிய பூவுக்குள் இவ்வளவு கச்சிதமான ஏற்பாடு. பெரிய பூக்களை விற்றுப் பழகிய எனக்குப் பூ என்பதே என்ன என்று புரிந்தது இதைப் பார்த்த பிறகுதான்.

என் முன்வரிசைச் செடிகளில் காகிதப்பூவின் நிறம் பூவினுடையதே இல்லை. பூவைச் சுற்றியிருக்கும் பூவடிச் செதில்கள்தான் நிறம் காட்டுகின்றன. அடுக்குச் செண்டுமல்லியில் இதழ் மேல் இதழாகக் கட்டியிருப்பதால் தேனீக்கு வழி குறைவு. வீட்டைச் சுற்றி அத்தனை நிறம் இருந்தும் தேனீ ஏன் வரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். ஒரு முழம் தும்பை பூக்கட்டும், காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள் என்பேன். அடுக்குத் தேனீ வரும். கொசுத்தேனீ வரும். மஞ்சளும் இளநீலமுமாகச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் தாழப் பறந்து வரும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ விர்ரென்று பூவுக்குப் பூ தாவும். அது கூட்டமாகக் கூடு கட்டுவதில்லை. மண்ணிலும் மண்சுவரிலும் தனித்தனியே துளை போட்டு முட்டை வைப்பது. தும்பைக்காக மூடாமல் விட்ட வெறும் மண் அதற்கும் வீடாகிறது. பூவும் பூச்சியும் ஒரே முழ நிலத்தில் குடியிருப்பதைப் பார்த்தபின், சிமெண்டு போட்டு மூடாத மண்ணின் மதிப்பு எனக்கு வேறாகத் தெரிகிறது.

பூ பறிப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. கொத்தைக் கிள்ளினால் விதையும் போய்விடும். குழாயிலிருந்து வெள்ளைப் பூவை மட்டும் இரண்டு விரலால் மெல்ல இழுத்தால் தனியே வந்துவிடும். கிராமத்துப் பிள்ளைகள் அப்படி இழுத்து அடியை உறிஞ்சித் தேன் குடிப்பார்கள். விடிகாலையில் பறித்து ஈரத்துணியில் வைத்தால் அபிஷேக நேரம்வரை வாடாது. வெயில் ஏறினால் தானே உதிர்ந்துவிடும். சூல் உள்ளே நிற்பதால் பூசைக்குப் பூவும் கிடைக்கும். தேனீ வந்துபோன பூவாக இருந்தால் அடுத்த வருடத்துக்கு விதையும் கிடைக்கும். இதைச் சொல்லும்போது பூசைக்காரர்கள் முகம் மலர்கிறது. பூசைக்கு மட்டுமில்லை, பழந்தமிழ்ப் புறத்திணையில் தும்பை போருக்கும் பூ. இரு படையும் இதைச் சூடிக்கொண்டு எதிரெதிரே நின்றன என்பது மரபு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களிலும் தும்பை உண்டு. அந்த அளவுக்கு அன்று கைக்கெட்டிய இடத்தில் பூத்துக் கிடந்திருக்கிறது.

மழையில் முளைத்த செடி மாசியில் களைத்துவிடும். சிவராத்திரிக்குப் பூ பற்றாது. அதற்கென்று கார்த்திகைக் கடைசியில் இரண்டாம் தடவை கொஞ்சம் விதைத்து, தண்ணீர் தெளித்து வளர்க்கிறேன். மாடியில் வளர்ப்பவர்களுக்கு ஆழமான தொட்டி தேவையில்லை. வாய் அகன்ற தொட்டி வேண்டும். ஒரு சாண் ஆழம் போதும். அடியில் ஓட்டை நன்றாக இருக்க வேண்டும். வெறும் தேங்காய் நார்க்கழிவில் போட்டால் ஈரம் நின்று வேர் அழுகும்; பாதிக்கு மேல் செம்மண்ணும் மணலும் இருக்கட்டும். நாள் முழுக்க வெயில் விழும் இடமாகவும் இருக்க வேண்டும். பருவம் முடிந்ததும் அந்தத் தொட்டி மண்ணைக் கொட்டிவிடாமல், மேலே வேறு செடி வைக்காமல், மழை வரும்வரை ஓரமாக வைத்திருந்தால் அதிலேயே மறுபடியும் முளைக்கும்.

வாங்க வருகிறவர்கள் பெயரால் குழம்புவதும் உண்டு. காசித்தும்பை வேறு செடி. தொட்டால் காய் வெடித்துச் சுருளும். கவிழ்தும்பை வேறு, அதன் பூ தரையைப் பார்த்துத் தொங்கும். இரண்டும் தும்பைக்கு உறவே இல்லை. பூசைக்கென்று கேட்டால் நான் கொடுப்பது தாவரவியலார் லூகாஸ் ஆஸ்பெரா என்று குறிக்கும் வெள்ளைத் தும்பை.

மருந்துக்கென்றும் கேட்டு வருகிறார்கள். சளிக்குத் தும்பையிலை போட்டு ஆவி பிடிப்பதும், இளந்தளிரைத் துவையல் அரைப்பதும் எங்கள் வீட்டில் உள்ள பழக்கங்கள். ஆனால் பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறு என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுவேன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துச் செய்த முறிமருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. அதற்கான நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்களில் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர் மக்கள் முக்கியமானவர்கள். பாம்போடு தலைமுறைகளாகப் பழகியவர்களின் உழைப்பு அந்த ஊசிக்குள் இருக்கும்போது, இலையைக் கசக்கிக்கொண்டு நேரத்தைக் கடத்துவது உயிரோடு விளையாடுவது. தும்பை மேல் எனக்கு உள்ள அன்பு, அதைப் பற்றிப் பொய்யான நம்பிக்கை வளர விடாது.

எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் கடைசியில் வருகிறது. பங்குனியில் செடி காய்ந்து பழுப்பாகி நிற்கும். வீட்டில் பெரியவர்கள் அதைப் பார்த்ததும், “ஏன்டா காஞ்ச செடிய வாசல்ல வச்சிருக்க? பிடுங்கிப் போடு” என்பார்கள். சுத்தம் பார்க்கிற வீடுகளில் தும்பை அழிவது அந்த நாளில்தான். பூத்தபோது கொண்டாடியவர்களே குப்பைக்கூடையில் போட்டுவிடுகிறார்கள், அடுத்த வருடத்துப் பூக்கள் அத்தனையும் அதற்குள் இருப்பது தெரியாமல். இதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுக்கிறேன். பாத்தியைச் சுற்றி நாலு செங்கலைச் சாய்த்து நட்டு எல்லை கட்டிவிடுங்கள். எல்லை கட்டிய இடத்தில் காய்ந்து நிற்பதைப் பார்க்கிறவர்கள், இது வேண்டுமென்றே விட்டது என்று புரிந்துகொள்வார்கள். சித்திரையில் தண்டைத் தட்டி மிச்ச விதையும் அங்கேயே உதிரவிட்டு, வெறும் தண்டை மட்டும் எடுத்துவிடலாம். அதன்பிறகு புரட்டாசி வரை அந்த இடத்தைக் கொத்த வேண்டாம், மிதிக்க வேண்டாம், கட்டுமானக் குப்பை கொட்ட வேண்டாம். கோடை முழுவதும் ஒன்றுமே இல்லாத மண்ணாகத் தெரியும். அந்த மாதங்களில் பொறுத்திருப்பவர் வீட்டில்தான் தும்பை தங்குகிறது.

இப்போது நான் தும்பையைச் செடியாக விற்பதில்லை. விதைப் பொட்டலமாகக் கொடுக்கிறேன். விலை கேட்பவர்களிடம், அடுத்த சித்திரையில் உங்கள் வீட்டில் விளைந்த விதையில் ஒரு சிட்டிகை கொண்டு வந்து கொடுங்கள், அதுதான் விலை என்கிறேன். எல்லாரும் கொண்டுவருவதில்லை. கொண்டுவருகிறவர்கள், தங்கள் வீட்டில் எந்த வாரம் முதல் பூ வந்தது, எந்தத் தேனீ வந்தது என்று உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். செம்மண் வீட்டு விதையையும் கரிசல் வீட்டு விதையையும் மொட்டைமாடித் தொட்டி விதையையும் ஒன்றாகக் கலந்துதான் மறுபடியும் பாத்தியில் தூவுகிறேன். பல இடத்தில் பிழைத்த விதை கலந்திருந்தால், மழை முன்பின் ஆகும் வருடத்திலும் ஏதோ ஒன்று தாங்கி நிற்கும்.

வீட்டைச் சுற்றி முழுவதும் பதித்துவிட வேண்டும் என்று பேவர் பிளாக் கல் இறக்கி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கிழக்கு வெயில் விழும் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கல் பதிக்காமல் விடுங்கள். அந்த மண்ணுக்கு எருவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், ஆள்கூலியும் வேண்டாம். புரட்டாசி மழைக்கு ஒரு பொட்டலம் விதையைத் தூவி, பங்குனியில் காய்ந்ததைப் பிடுங்காமல் இருந்தால் போதும். மற்றதை அந்த மண்ணும் மழையும் பார்த்துக்கொள்ளும்.